லிட்டில் ரவுண்ட் டாப்புக்கு முன்னும் பின்னும்: ஒரு தொண்டர் ரெஜிமென்ட்டின் வரலாற்றைப் படிப்பது எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவர் கண்ணிலும் சீக்கிரமே ஒரு வகைக் குறிப்பு படும். ரெஜிமென்ட் என்ற ஒரு படைப்பிரிவின் பெயர், அது எந்த ஊரில் எந்த நாளில் படையில் ஏற்கப்பட்டது, பிரிகேட் என்ற எந்தப் பெரிய பிரிவில் இருந்தது, எங்கெல்லாம் போரிட்டது, எப்போது கலைக்கப்பட்டது, எத்தனை பேரை இழந்தது என்று வரிசையாகப் போகும். பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். இதைத்தான் அந்த ரெஜிமென்ட்டின் சேவை வரலாறு என்கிறோம். புதிதாகப் படிப்பவருக்கு இது இடங்களும் தேதிகளும் மட்டுமே அடுக்கிய பட்டியலாகத் தெரியும். அதில் தனக்குத் தெரிந்த ஒரு பெரிய போரின் பெயரைத் தேடிப் பிடித்து அங்கே நின்றுவிடுவார்.

அப்படி நின்றுவிடுவதால் எவ்வளவு நழுவிப் போகிறது என்பதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை. இதற்கு 20ஆவது மெய்ன் தொண்டர் காலாட்படை ரெஜிமென்ட்டை எடுத்துக்கொள்கிறேன். 1863 ஜூலை 2 அன்று பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில், லிட்டில் ரவுண்ட் டாப் என்ற குன்றின் சரிவில் நடந்த ஒன்றரை மணி நேரச் சண்டைதான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் அந்தச் சண்டை ஏன் அப்படி முடிந்தது என்பதற்கான பதில், பட்டியலில் யாரும் கவனிக்காத வரிகளில் இருக்கிறது.

முதலில் தொண்டர் ரெஜிமென்ட் என்றால் என்ன என்று பார்ப்போம். 1861இல் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்கும் மத்திய அரசின் பக்கம் நின்ற வட மாநிலங்களுக்கும் இடையே போர் மூண்டபோது அமெரிக்காவின் நிரந்தர ராணுவத்தில் சுமார் 16,000 பேர்தான் இருந்தார்கள். அவர்களில் பலர் மேற்குப் பகுதியின் தொலைதூரக் கோட்டைகளில் சிதறிக் கிடந்தார்கள். அவர்களைக் கொண்டு ஒரு போரை நடத்த முடியாது. ஏப்ரல் 15 அன்று குடியரசுத் தலைவர் லிங்கன் 75,000 பேரை வெறும் 90 நாள் சேவைக்கு அழைத்தார். போர் அதற்குள் முடிந்துவிடும் என்று பலரும் நம்பிய காலம் அது. ஜூலையில் புல் ரன் போரில் வடக்குப் படை தோற்று ஓடியபோது அந்த நம்பிக்கை போய்விட்டது. அதன் பிறகு மூன்றாண்டுச் சேவைக்கு லட்சக்கணக்கில் ஆள் திரட்டினார்கள்.

ஆள் திரட்டும் வேலையை மத்திய அரசு நேரடியாகச் செய்யவில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. மாநில ஆளுநர் ரெஜிமென்ட்டுகளை எழுப்பி, அதிகாரிகளை நியமித்து, எண் கொடுத்து, மத்திய அரசிடம் ஒப்படைப்பார். பெயரில் மாநிலமும் எண்ணும் இருப்பது இதனால்தான். 20ஆவது மெய்ன் என்றால் மெய்ன் மாநிலம் எழுப்பிய 20ஆவது காலாட்படை ரெஜிமென்ட். ஒப்படைக்கும் நாளில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர் அழைத்து, உறுதிமொழி வாங்கி மத்திய அரசின் சேவையில் ஏற்பார்கள். சேவை வரலாற்றின் முதல் தேதி இந்த நாள்தான். அன்று முதல் சம்பளமும் சாப்பாடும் மத்திய அரசின் பொறுப்பு. சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர்.

ஒரு காலாட்படை ரெஜிமென்ட்டில் பத்து கம்பெனிகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நூறு பேர். தலைமையில் ஒரு கர்னல், அவருக்குக் கீழே ஒரு லெப்டினன்ட் கர்னல், ஒரு மேஜர். ஆக ஆயிரம் பேர், ஆனால் அது காகிதக் கணக்கு. நான்கைந்து ரெஜிமென்ட் சேர்ந்தால் ஒரு பிரிகேட், சில பிரிகேடுகள் ஒரு டிவிஷன், சில டிவிஷன்கள் ஒரு கோர். "இந்த பிரிகேடில் சேர்க்கப்பட்டது" என்ற வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு ரெஜிமென்ட் எந்த மலையில் நிற்கும், எந்தச் சாலையில் நடக்கும் என்பதைப் பெரும்பாலும் அந்த வரிதான் தீர்மானித்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. சண்டையிலும் நோயிலும் ஒரு ரெஜிமென்ட் பாதியாகக் குறைந்தால், புதிதாகச் சேர்பவர்களை அதில் போட்டு நிரப்புவதுதான் இயல்பு. அனுபவப்பட்ட சிப்பாயின் பக்கத்தில் நின்று புதியவன் சீக்கிரம் கற்றுக்கொள்வான். விஸ்கான்சின் மாநிலம் ஓரளவு அப்படிச் செய்தது. மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் புது ரெஜிமென்ட்டுகளையே எழுப்பிக்கொண்டிருந்தன. புது ரெஜிமென்ட் என்றால் ஆளுநர் கையில் நிரப்புவதற்குப் புதிதாகக் கர்னல், மேஜர், கேப்டன் பதவிகள் கிடைக்கும். அரசியல் ஆதரவாளர்களுக்குக் கொடுக்க அது வசதி. இதன் விலையைக் கொடுத்தவர்கள் சிப்பாய்கள். பழைய ரெஜிமென்ட்டுகள் முந்நூறு, நானூறு பேராகத் தேய்ந்தபடியே சண்டையிட்டன. ஒரு போர்க் கணக்கில் ரெஜிமென்ட்டின் பெயரைப் பார்த்ததும் ஆயிரம் பேர் நின்றதாக நினைத்துவிடக் கூடாது. அன்று காலை எத்தனை பேர் எழுந்து வரிசையில் நின்றார்கள் என்பதை எப்போதும் தனியாகத் தேட வேண்டும்.

இனி 20ஆவது மெய்ன். 1862 ஜூலையில் லிங்கன் மேலும் மூன்று லட்சம் பேரைக் கேட்டார். மெய்ன் தன் பங்குக்காக 16 முதல் 19 வரையிலான ரெஜிமென்ட்டுகளை எழுப்பியது. அவற்றில் இடம் கிடைக்காமல் எஞ்சியவர்களைச் சேர்த்துக் கட்டியதுதான் 20. பொதுவாக ஒரு தொண்டர் ரெஜிமென்ட்டுக்கு ஒரு வட்டாரத்தின் பெருமை இருக்கும். ஒரே ஊரின் தச்சரும் குடியானவரும் பள்ளி ஆசிரியரும் ஒரே கம்பெனியில் நிற்பார்கள், ஊரே கூடி வழியனுப்பும். மாநிலத்தின் பல மூலைகளிலிருந்து ஒட்டுப்போட்டுக் கட்டிய 20க்கு அப்படிச் சொந்தம் கொண்டாட ஒரு வட்டாரம் இருக்கவில்லை. 1862 ஆகஸ்ட் 29 அன்று போர்ட்லாந்தில் மூன்றாண்டுச் சேவைக்கு ஏற்கப்பட்டார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் ரயிலில் பாஸ்டன் போய், அங்கிருந்து கப்பலில் தெற்கே வந்தார்கள். கிழக்குப் போர்முனையில் வடக்கின் முக்கியப் படையான பொட்டோமாக் படையின் ஐந்தாவது கோரில், முதல் டிவிஷனின் மூன்றாவது பிரிகேடில் சேர்ந்தார்கள்.

கர்னலாக வந்த அடெல்பர்ட் ஏம்ஸ் அப்போதுதான் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படிப்பை முடித்து ஓராண்டு ஆனவர். புல் ரன்னில் பீரங்கிப் படையில் போரிட்டுக் காயம்பட்டவர். அவருக்குக் கீழே லெப்டினன்ட் கர்னலாக வந்த ஜோஷுவா சேம்பர்லின் போடன் கல்லூரிப் பேராசிரியர், முப்பத்து மூன்று வயது. ஐரோப்பாவில் படிக்கப் போவதாகக் கல்லூரியில் விடுப்பு வாங்கிக்கொண்டு படையில் சேர்ந்தார். ஆளுநர் வாஷ்பர்ன் கர்னல் பதவியையே தர முன்வந்தபோது, முதலில் கீழிருந்து தொழிலைக் கற்றுக்கொள்கிறேன் என்று அடுத்த நிலையை ஏற்றார். எத்தனையோ அரசியல்வாதிகள் ஒரு நாள் பயிற்சியும் இல்லாமல் கர்னல் உடுப்பு மாட்டிக்கொண்ட காலத்தில் அவர் இப்படி முடிவெடுத்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஏம்ஸ் தன் ஆட்களைக் கசக்கிப் பிழிந்தார். வரிசை மாற்றுவது, திரும்புவது, குண்டு நிரப்புவது என்று நாள் முழுக்கப் பயிற்சி. சிப்பாய்கள் அவரை மனதார வெறுத்தார்கள், கடிதங்களில் அதை எழுதவும் செய்தார்கள். சேம்பர்லின் இரவில் அவரிடம் உட்கார்ந்து பாடம் படித்தார். சேவை வரலாற்றில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. "முகாமில் பணி" என்றுதான் இருக்கும். அந்தச் சொற்களைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு விஷயங்களை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று பயிற்சி, மற்றொன்று நோய்.

படைக்கு வந்து பத்து நாளில் ஆன்டீட்டம் போர். 1862 செப்டம்பர் 17, அமெரிக்க வரலாற்றிலேயே ஒரே நாளில் மிக அதிக ரத்தம் சிந்திய போர். பட்டியலில் 20இன் பெயருக்கு எதிரே ஆன்டீட்டம் இருக்கிறது. ஆனால் அன்று முழுவதும் அவர்கள் பின்னணியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார்கள், சண்டையில் இறங்கவில்லை. ஒரு போரில் பங்கேற்பதற்கும் அதில் சண்டையிடுவதற்கும் உள்ள இந்த வித்தியாசம் பட்டியலில் தெரியாது. மூன்று நாள் கழித்து ஷெப்பர்ட்ஸ்டவுனில் பொட்டோமாக் ஆற்றைக் கடந்தபோதுதான் முதன்முதலாக எதிரியின் குண்டுகளைச் சந்தித்தார்கள். அதன் பிறகு அந்த இலையுதிர் காலம் முழுக்க ஆற்றங்கரை முகாமில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அவர்களை வரிசை வரிசையாகச் சாய்த்தன. மெய்ன் காட்டிலும் பண்ணையிலும் தனித்தனியாக வளர்ந்தவர்கள் முதன்முதலாகக் கூட்டமாக வாழ்ந்தார்கள். ஒருவருக்கு வந்தது எல்லோருக்கும் பரவியது.

டிசம்பர் 13இல் ஃபிரெடரிக்ஸ்பர்க். மேரீஸ் ஹைட்ஸ் என்ற மேட்டின் அடியில், கல்சுவருக்குப் பின்னால் பத்திரமாக நின்ற தென்படையை நோக்கி வடக்குப் படை அலை அலையாகப் போய் மடிந்த நாள். 20 அனுப்பப்பட்டபோது மாலையாகிவிட்டது. சுவரை எட்ட முடியவில்லை, பின்வாங்கவும் முடியவில்லை. அந்த இரவும் மறுநாள் பகலும் உறைபனிக் குளிரில் திறந்த வெளியில் கிடந்தார்கள். முன்னே விழுந்த சடலங்களையே தடுப்பாக வைத்துக்கொண்டதாகச் சேம்பர்லின் பிற்பாடு எழுதினார். பட்டியலில் இது ஒரே சொல்தான்.

1863 ஏப்ரலில் நடந்தது அதைவிட விசித்திரம். ரெஜிமென்ட் முழுவதற்கும் பெரியம்மைத் தடுப்பாக அம்மை குத்தினார்கள். பயன்படுத்திய மருந்தில் கோளாறு, முகாமில் பெரியம்மையே பரவியது. ரெஜிமென்ட்டை மற்றவர்களிடமிருந்து பிரித்துத் தனியே வைத்தார்கள். மே முதல் வாரத்தில் சான்சலர்ஸ்வில் போர் மூண்டபோது படைத்தலைமை அவர்களை அனுப்பவில்லை. சேம்பர்லின் மன்றாடியதும் பலிக்கவில்லை. தந்திக் கம்பிகளைக் காவல் காக்கும் வேலைதான் கிடைத்தது. அந்தப் போரில் வடக்குப் படைக்கு, இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் சிறைப்பட்டவர்களும் சேர்த்து, 17,000 பேருக்கு மேல் சேதம். அம்மைக்கு ஆட்களைப் பறிகொடுத்த ரெஜிமென்ட், அதே அம்மையால் அந்தப் பேரிழப்பிலிருந்து தப்பியது. சில வாரங்களில் ஏம்ஸ் பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்து போனார், சேம்பர்லின் கர்னலானார்.

இனி வருவதுதான் இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி. அதே மே மாதத்தில் 2ஆவது மெய்ன் ரெஜிமென்ட் கலைந்தது. அவர்கள் 1861இல் பேங்கர் நகரில் திரண்டவர்கள். மெய்னிலிருந்து போர்முனைக்கு முதலில் கிளம்பிய ரெஜிமென்ட். பெரும்பாலோர் இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆனால் சிலரிடம் வாங்கிய காகிதத்தில் மூன்று ஆண்டு என்று இருந்தது. கூட வந்தவர்கள் வீடு திரும்பும்போது நாமும் போகலாம் என்றுதான் அவர்கள் நம்பியிருந்தார்கள். சட்டம் காகிதத்தைத்தான் பார்த்தது. தோழர்கள் கொடியோடு ஊருக்குப் போக, ஏறத்தாழ 120 பேர் மட்டும் இன்னும் ஓராண்டு சேவை செய்யத் தங்க நேர்ந்தது. அவர்கள் மறுத்தார்கள். கலகக்காரர்கள் என்று முத்திரை குத்தி, சாப்பாடும் சரியாகப் போடாமல், துப்பாக்கி முனையில் கொண்டுவந்து 20ஆவது மெய்னிடம் ஒப்படைத்தார்கள். கீழ்ப்படியாவிட்டால் சுட்டுவிடலாம் என்ற அதிகாரமும் சேம்பர்லினுக்குக் கொடுக்கப்பட்டது.

அவர் முதலில் சோறு போட்டார். காவலை விலக்கினார். அவர்களைக் கூட்டமாக வைக்காமல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். உங்கள் குறையைக் கேட்கிறேன், ஆளுநருக்கு எழுதுகிறேன், அதுவரை சிப்பாய்க்குரிய மரியாதையோடு இங்கே இருங்கள் என்றார். ஒரு சிலர் தவிர எல்லோரும் துப்பாக்கியைக் கையில் எடுத்தார்கள். இவர்கள் இரண்டு ஆண்டு போர் பார்த்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 20ஆவது மெய்னில் இருந்த எவரையும்விட அதிகம் பார்த்தவர்கள்.

ஐந்து வாரம் கழித்து கெட்டிஸ்பர்க். ஜூலை 2 பிற்பகல், வடக்குப் படையின் இடப்பக்கம் காலியாகக் கிடந்த லிட்டில் ரவுண்ட் டாப்புக்குக் கர்னல் ஸ்ட்ராங் வின்சென்ட் தன் பிரிகேடை அவசரமாக ஏற்றினார். 16ஆவது மிச்சிகன், 44ஆவது நியூயார்க், 83ஆவது பென்சில்வேனியா, கடைசியில் இடக்கோடியில் 20ஆவது மெய்ன். அவர்களுக்கு இடப்பக்கம் வேறு யாரும் கிடையாது. அந்த முனை உடைந்தால் எதிரி குன்றின் பின்னால் வந்துவிடுவான். அன்று 20இல் இருந்தவர்கள் சுமார் 386 பேர். போர்ட்லாந்தில் புறப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் பேரில், பெரிய சண்டை என்று ஒன்றே ஒன்றைப் பார்த்திருந்த பத்து மாதத்தில், எஞ்சியது இவ்வளவுதான். அதிலும் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் அளவு 2ஆவது மெய்னிலிருந்து வந்தவர்கள். அந்த 120 பேரையும் சிறையில் போட்டிருந்தால் வரிசை எவ்வளவு குட்டையாக இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எதிரே ஏறி வந்தவர்கள் கர்னல் வில்லியம் ஓட்ஸின் 15ஆவது அலபாமா. அவர்களையும் மனிதர்களாகவே பார்க்க வேண்டும். அன்று இருபது மைலுக்கு மேல் நடந்து வந்திருந்தார்கள். தண்ணீர் நிரப்பிவரப் போனவர்கள் சிறைப்பட்டுவிட்டதால் ஜூலை வெயிலில் தாகத்தோடு மலை ஏறினார்கள். அவர்கள் 20இன் இடப்பக்கத்தைச் சுற்றி வளைக்கப் போவதைக் கண்டதும் சேம்பர்லின் வரிசையை மெல்லியதாக நீட்டி, இடப் பாதியைப் பின்னுக்கு மடக்கினார். சுட்டுக்கொண்டே, புகைக்குள், கலையாமல் இப்படி இடம் மாறுவதற்கு ஏம்ஸின் பயிற்சி பெற்ற கால்கள் வேண்டும். நடுவில் கொடியைப் பிடித்து நின்ற ஆண்ட்ரூ டோசியர் 2ஆவது மெய்னிலிருந்து வந்தவர். சுற்றியிருந்தவர்கள் விழுந்த பிறகும் கொடியை விடாமல் சுட்டுக்கொண்டிருந்தார்.

ஆளுக்கு அறுபது தோட்டாக்களும் தீர்ந்தன. சேம்பர்லின் துப்பாக்கிமுனைக் கத்தியைப் பொருத்தச் சொன்னார். பின்னுக்கு மடங்கியிருந்த இடப்பக்கம் முதலில் பாய்ந்து, கீலில் திரும்பும் கதவு போல வீசி வலப்பக்கத்தோடு ஒரே கோட்டில் வந்தது. பிறகு முழு வரிசையும் சரிவில் இறங்கியது. முன்பே தனியே அனுப்பப்பட்டிருந்த கேப்டன் வால்டர் மோரிலின் கம்பெனி ஒரு கல்சுவருக்குப் பின்னாலிருந்து எழுந்து சுட்டது. சூழப்பட்டோம் என்று நினைத்த அலபாமாக்காரர்கள் ஓடினார்கள், பலர் சரணடைந்தார்கள். 20க்கு ஏறத்தாழ 130 பேர் சேதம், மூன்றில் ஒருவர். பிரிகேட் தலைவர் வின்சென்ட் பட்ட காயத்தால் சில நாளில் இறந்தார்.

இங்கே படிப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. அந்தப் பாய்ச்சலை யார் தொடங்கினார் என்பதில் பங்கேற்றவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. லெப்டினன்ட் ஹோல்மன் மெல்ச்சர்தான் முதலில் முன்னே ஓடினார் என்று சிலர் சொன்னார்கள். முழு உத்தரவு தன் காதில் விழவில்லை என்று இடப்பக்கத்தை நடத்திய எல்லிஸ் ஸ்பியர் எழுதினார். தாக்குதல் வரும்போதே பின்வாங்க உத்தரவிட்டிருந்தேன் என்றார் ஓட்ஸ். சேம்பர்லின் அருமையாக எழுதத் தெரிந்தவர், நீண்ட காலம் வாழ்ந்தவர், அதனால் அவருடைய விவரிப்பே பரவலாக நிலைத்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. புகையும் இரைச்சலும் நிறைந்த ஒரு சரிவில் ஒவ்வொருவரும் தன்னைச் சுற்றிப் பத்தடியைத்தான் பார்த்தார்கள். ஒரே ஒருவரின் நினைவை மட்டும் படித்துவிட்டு ரெஜிமென்ட்டின் கதை தெரிந்துவிட்டதாக எண்ண வேண்டாம் என்பதே நான் சொல்ல வருவது.

கெட்டிஸ்பர்க்கோடு நின்றுவிடுபவர்கள் இன்னும் இரண்டு ஆண்டுச் சேவையைத் தவறவிடுகிறார்கள். 1863 முதல் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. பெயரில் தொண்டர் ரெஜிமென்ட் என்று இருந்தாலும், சீட்டில் பெயர் விழுந்தவர்களும் பிறருக்குப் பதிலாகப் பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்களும் அதில் சேர்ந்தார்கள். 1861இல் திரண்ட ரெஜிமென்ட்டுகளுக்கு 1864இல் காலக்கெடு முடிந்தது. மறுபடி கையெழுத்திட்டால் 400 டாலரும் 30 நாள் விடுப்பும் தருவதாக அரசு கெஞ்ச வேண்டியிருந்தது. 1862இல் சேர்ந்த 20க்கு அந்த வாசல் திறக்கவில்லை. வில்டர்னஸ், ஸ்பாட்சில்வேனியா, நார்த் அன்னா, கோல்டு ஹார்பர் என்று 1864 மே, ஜூன் மாதங்களில் கிட்டத்தட்ட நாள்தோறும் சண்டை. அதன் பிறகு பீட்டர்ஸ்பர்க் முற்றுகையில் ஒன்பது மாதப் பதுங்குகுழி வாழ்க்கை. அதற்குள் வேறொரு பிரிகேடுக்குத் தலைவராகியிருந்த சேம்பர்லின் ஜூன் 18 அன்று இடுப்பில் குண்டு பாய்ந்து, இறந்துவிடுவார் என்றே கருதப்பட்டார். பிழைத்துத் திரும்பி வந்தார். 1865 ஏப்ரல் 1இல் ஃபைவ் ஃபோர்க்ஸ், 9இல் அப்போமேட்டாக்ஸில் தென்படைத் தலைவர் ஜெனரல் லீயின் சரணடைவு. 12ஆம் தேதி தென்படை ஆயுதங்களை ஒப்படைக்க நடந்து வந்தபோது, அந்தச் சடங்கை நடத்தியவர் சேம்பர்லின். சாலையோரம் நின்ற பிரிகேடில் 20ஆவது மெய்னும் இருந்தது.

பழையவர்கள் ஜூன் 4 அன்று விடுவிக்கப்பட்டார்கள், ரெஜிமென்ட் 1865 ஜூலை 16 அன்று கலைந்தது. சேவை வரலாற்றின் கடைசி வரி இழப்புக் கணக்கு. சண்டையில் இறந்தவர்களும் காயத்தால் இறந்தவர்களும் சேர்ந்து 9 அதிகாரிகள், 138 சிப்பாய்கள். நோயால் இறந்தவர்கள் 1 அதிகாரி, 145 சிப்பாய்கள். மொத்தம் 293. அதாவது 147க்கு 146. கெட்டிஸ்பர்க்கையும் வில்டர்னஸையும் கடந்த ஒரு ரெஜிமென்ட்டிலேயே நோய் குண்டுக்குச் சமமாகக் கொன்றிருக்கிறது. வடக்குப் படை முழுவதையும் எடுத்தால், இறந்த மூவரில் இருவர் நோயால் போனவர்கள். அந்த 145 பேரில் பெரும்பாலோருக்கு வீரக் கதை எதுவும் இல்லை. மருத்துவக் கூடாரத்தில், ஒரு தோட்டா சுடுவதற்கு முன்பே இறந்தவர்களும் அதில் உண்டு. சேவை வரலாறு அவர்களைச் சண்டையில் விழுந்தவர்களுக்குப் பக்கத்திலேயே எண்ணி வைத்திருக்கிறது. அதனால்தான் இந்த வறண்ட பட்டியல்கள்மீது எனக்குப் பெரிய மதிப்பு.

இன்னொரு ரெஜிமென்ட்டை எடுத்து நீங்களே படித்துப் பார்க்க விரும்பினால், 1863இல் கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்டு பாஸ்டன் அருகே திரட்டிய 54ஆவது மாசசூசெட்ஸைச் சொல்வேன். சேவை வரலாற்றில் ஜூலை 18, வாக்னர் கோட்டைத் தாக்குதல் என்ற வரி இருக்கும். தெற்குக் கரோலினாவில் ஒரு தீவில் இருந்த அந்தக் கோட்டைமீது நடந்த தாக்குதலில் அவர்களின் கர்னல் ராபர்ட் கோல்ட் ஷா இறந்தார். ஆனால் வெள்ளையருக்கு 13 டாலர் கொடுத்த அரசு இவர்களுக்கு 10 டாலர் என்று சொல்லி, அதிலும் உடைக்கு 3 டாலர் பிடிக்கப் பார்த்தது. சமமான சம்பளம் கிடைக்கும்வரை ஒரு காசும் வேண்டாம் என்று அவர்கள் ஓராண்டுக்கு மேல் சம்பளமே வாங்காமல் போரிட்டார்கள். 1864 ஜூனில் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. இந்தப் போராட்டத்துக்குப் பட்டியலில் இடமில்லை. "தீவில் பணி" என்றிருக்கும் தேதிகளை எடுத்துக்கொண்டு, அதே மாதங்களில் அவர்கள் எழுதிய கடிதங்களைத் தேடிப் பாருங்கள்.